ரோல் கேஜ் பற்றி மகளுக்கு

அம்மு,

ரேஸ் காராக மாற்ற நீ வாங்கியிருக்கும் பழைய மஸ்டா மியாட்டாவின் படங்களையெல்லாம் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கதவுக்குக் கீழே ஓடும் தகட்டில் துரு இல்லை, அதுவே பாதி நிம்மதி. மியாட்டாவில் தண்ணீர் தேங்கி முதலில் அரிக்கிற இடம் அதுதான். 1995 மாடலை எடுத்ததும் சரியான முடிவு. 1993 வரை வந்த 1.6 லிட்டர் கார்களில், எஞ்சின் சக்தியைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் சின்னது, ரேஸில் சீக்கிரம் தேயும். 1994-ல் 1.8 எஞ்சினோடு வந்தது அதைவிடப் பெரியது, உறுதியானது.

முதலில் ஸ்பிரிங், ஷாக், டயர் எல்லாம் வாங்கிவிடலாம், கார் உருண்டாலும் உன்னைக் காக்கும் இரும்புக் குழாய்க் கூண்டான ரோல் கேஜை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தாய். வேண்டாம் அம்மு. கேஜ், சீட், பெல்ட், ஹெல்மெட் இந்த நான்கும் முதலில். கையில் இருக்கும் பணம் இதற்கே தீர்ந்துபோனால் போகட்டும், கார் ஒரு சீசன் ஷெட்டில் நிற்கட்டும். இது அப்பாவின் பயம் மட்டும் இல்லை. வெல்டிங் இன்ஸ்பெக்டராக இத்தனை வருடம் வேலை பார்த்தவனின் கணக்கும் இதில் இருக்கிறது.

நீ சேரப்போகும் ஸ்பெக் மியாட்டா பிரிவின் விதிகளைப் படித்தேன். எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. எல்லாருக்கும் ஒரே ஸ்பிரிங், ஒரே ஷாக், ஒரே டயர். சக்கரம் எல்லாருக்கும் 15 அங்குலம், அகலம் 7. செய்யலாம் என்று எழுதியிருந்தால்தான் செய்யலாம், எழுதாததைத் தொடக்கூடாது. பணம் இருப்பவன் வேகத்தை விலைக்கு வாங்க முடியாதபடி வேலி போட்டிருக்கிறார்கள். அந்த வேலிக்குள் உன் கையும் காலும் கண்ணும்தான் வித்தியாசம். ஓட்டுநரையும் சேர்த்துத்தான் குறைந்தபட்ச எடை பார்க்கிறார்கள் என்பதைக் கவனித்தாயா? நீ ஒல்லி. எப்படியும் எடை குறையும், இரும்புக் கட்டியைத் தரையில் போல்ட் போட்டு ஈடுகட்ட வேண்டியிருக்கும். அந்த எடையைக் கட்டியாகச் சுமப்பதற்குப் பதிலாக, விதி அனுமதிக்கும் அளவுக்குக் கதவுப் பக்கக் குழாய்களாகச் சுமந்துகொள். எடைக் கணக்கில் இரண்டும் ஒன்றுதான், உன் இடுப்புக்கு ஒன்றில்லை.

பிரிக்கும் வேலையை நீயே செய். யாருக்கும் காசு கொடுக்காதே, காரைத் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் முதலில் பேட்டரியைக் கழற்று. உன் காரில் பேட்டரி டிக்கியில் இருக்கும். கழற்றிக் கொஞ்ச நேரம் விட்டபிறகுதான் ஏர்பேக் இரண்டிலும் கை வைக்க வேண்டும். ஸ்டியரிங் பூட்டையும் எடுத்துவிடு, ஓடும்போது அது விழுந்து பூட்டிக்கொள்ள வழியே இருக்கக் கூடாது. கார்ப்பெட்டுக்கு அடியில் தரையோடு ஒட்டியிருக்கும் தார்ப் பூச்சுதான் உன் பொறுமையைச் சோதிக்கும். அதைச் சுரண்டிக்கொண்டு உட்காராதே. டிரை ஐஸை உடைத்து அதன்மேல் பரப்பு. மைனஸ் 78 டிகிரி குளிர், சற்று நேரத்தில் தார் கண்ணாடிபோல் ஆகிவிடும். சுத்தியலால் லேசாகத் தட்டினால் சில்லுச் சில்லாகத் தெறித்து வரும், கீழே பெயிண்ட் அப்படியே பளபளவென்று இருக்கும். கனமான கையுறை போட்டுக்கொள். ஷெட் கதவைத் திறந்தே வை, ஏனென்றால் அதிலிருந்து வரும் கரியமில வாயு காற்றைவிடக் கனம். காருக்குள் தாழ்ந்து தங்கும், நீயும் அங்கேதான் குனிந்து வேலை செய்துகொண்டிருப்பாய்.

இனி கேஜ். இதை மட்டும் நீ செய்ய வேண்டாம். உனக்கு வெல்டிங் வராது என்பதற்காகச் சொல்லவில்லை. இந்த வேலையையே செய்து பழகிய கையிடம் கொடுக்க வேண்டும். கொடுக்குமுன் அவர் கட்டிய வேறு ஒரு காரைப் போய்ப் பார். பளபளக்கும் முன்பக்கத்தைப் பார்க்காதே. கூரைக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு சின்னக் கண்ணாடியை நுழைத்து, மேல் பக்கம் வெல்டு சுற்றி வந்திருக்கிறதா பார். அங்கேதான் வெல்டிங் டார்ச் போகாது, அங்கேதான் சோம்பேறி விட்டுவிடுவான். மியாட்டாவின் கூரையைக் கழற்றிவிடலாம். கூரை கழறாத கார்களுக்கு, கேஜ் கட்டும் நல்ல ஃபேப்ரிகேட்டர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். தரையில் ஓட்டை வெட்டி, கட்டிய கேஜை அப்படியே கீழே இறக்கி, மேல் மூட்டுகளைச் சுற்றிலும் முழுதாக வெல்டு செய்துவிட்டு, மறுபடி தூக்கி அடியில் கனமான தகடு வைத்து அடைப்பார்கள். இவர் எப்படிச் செய்வார் என்று கேள். கேள்வி புரியாமல் விழித்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பு.

உன் கார் எடைக்கு ஒன்றரை அங்குல விட்டம், 0.095 அங்குலச் சுவர் கனம் உள்ள குழாய் வேண்டும். தையல் தெரியும் சாதாரண ஈஆர்டபிள்யூ குழாய் கூடாது. அச்சின் மேல் இழுத்துத் தையலைச் சமன்செய்த டிஓஎம் குழாய் என்று பில்லிலேயே எழுதி வாங்கு. சுவர் கனத்தை அளந்து பார்ப்பதற்காகக் குழாயில் சின்னதாக ஒரு துளை போடச் சொல்லும் விதி எனக்கு ரொம்பப் பிடித்தது. வாய் வார்த்தையை நம்பாத விதி, என் தொழிலில் நாங்கள் வாழ்ந்ததே அப்படித்தான்.

கேஜின் பின்பக்கக் கால்களை வெல்டு செய்யுமுன் பெட்ரோல் டேங்கை வெளியே எடுத்துவிட வேண்டும். உன் காரில் அது சீட்டுக்குப் பின்னால், தகட்டுக்கு அந்தப் பக்கமே இருக்கிறது. காலி டேங்க்தானே என்று யாராவது சொன்னால் அங்கே நிற்காதே. நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க் ஆபத்து, உள்ளே இருப்பது ஆவியும் காற்றும்.

முழுதாக வெல்டு செய்வதற்கு முன் எல்லா மூட்டையும் டாக் (தற்காலிகப் புள்ளி வெல்டு) மட்டும் போட்டு நிறுத்தச் சொல். அன்றைக்கு நீ நேரில் போக வேண்டும். சீட்டை அதன் இடத்தில் பொருத்தி, ஹெல்மெட் போட்டு, பெல்ட் இறுக்கி உட்கார். தலைக்கும் குழாய்க்கும் இடைவெளி பார். தலையை முன்னே, பக்கவாட்டில் நீட்டிப் பார், ஏனென்றால் மோதும்போது உடம்பு நீளும், பெல்ட்டும் நீளும். தோள் பெல்ட் கட்டும் குறுக்குக் குழாய் உன் தோள் உயரத்திலோ, அதற்குச் சற்றுக் கீழோ இருக்க வேண்டும். கிடைமட்டத்திலிருந்து 20 டிகிரிக்கு மேல் கீழே சரிந்தால் மோதலில் பெல்ட் முதுகெலும்பைக் கீழே அழுத்தும். இடுப்புப் பெல்ட் வயிற்றில் இல்லை, இடுப்பு எலும்பில் உட்கார வேண்டும். இதையெல்லாம் அன்றைக்கே மாற்றலாம். வெல்டு முடிந்தபிறகு மாற்ற வேண்டுமென்றால் அறுக்கத்தான் வேண்டும்.

தலை எட்டும் இடங்களில் குழாய்மேல் சுற்றுவதற்கு ரேஸுக்கென்றே செய்த கெட்டியான பேடிங் இருக்கிறது. ஏசி குழாய்க்குச் சுற்றும் மெத்தென்ற ஸ்பாஞ்ச் பார்க்க அதேபோல இருக்கும், ஆனால் மோதும்போது அது இல்லாதது மாதிரிதான். ஹெல்மெட் கார் ரேஸுக்கான எஸ்ஏ முத்திரை உள்ளதாக இருக்கட்டும். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டுக்குத் தீச்சோதனையும் கிடையாது, ரோல் கேஜ் குழாயில் மோதும் சோதனையும் கிடையாது. பெல்ட்டுக்குக் காலாவதி உண்டு. ரேஸ் பாதுகாப்புத் தரம் வகுக்கும் அமைப்புகளில் எஸ்எஃப்ஐ-யின் லேபிள் என்றால் இரண்டு வருடம், எஃப்ஐஏ-யின் லேபிள் என்றால் ஐந்து. நண்பர் சும்மா தருகிறார் என்று பழையதை வாங்கிக்கொள்ளாதே.

கழுத்துக்கு ஹான்ஸ், மோதும்போது தலை முன்னே வீசப்படாமல் பிடித்து வைக்கும் சாதனம். இதை மஸ்டா கார்களில் ரேஸ் ஓட்டிய ஜிம் டௌனிங்கும், அவருடைய உறவினரான பேராசிரியர் ராபர்ட் ஹப்பார்டும் சேர்ந்து உருவாக்கினார்கள். 1981-ல் நண்பர் ஒருவர் மோதலில் மண்டையோட்டின் அடி உடைந்து இறந்ததுதான் காரணம். 80-களிலேயே சாதனம் உருவாகிவிட்டது. ஆனாலும் கழுத்து அசையவில்லை, சௌகரியமாக இல்லை என்று பலர் போடாமலே ஓட்டினார்கள். 2001-ல் டேட்டோனா ரேஸில் புகழ்பெற்ற ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் அதே மாதிரி அடிபட்டு இறந்த பிறகுதான் அமெரிக்கக் கார் ரேஸ் அமைப்பான நாஸ்கார் இதுபோன்ற கழுத்துக் காப்பைக் கட்டாயமாக்கியது. நடுவில் போன வருடங்களை நினைத்தால் மனசு கொதிக்கிறது அம்மு. பொருள் கடையில் இருந்தது. முதல் நாள் உனக்கும் உறுத்தும், பழகிக்கொள்.

மற்றதெல்லாம் உனக்கே தெரியும், நான் நீட்டவில்லை. பிரேக் பேடும் அதிக வெப்பம் தாங்கும் பிரேக் ஆயிலும் முதல் ஓட்டத்துக்கு முன்பே. மின்சாரத்தை மொத்தமாகத் துண்டிக்கும் கட் ஆஃப் சுவிட்சைத் திருப்பினால் விளக்கு மட்டும் அணைந்தால் போதாது, ஓடும் எஞ்சினும் நிற்க வேண்டும். ஆல்டர்னேட்டர் மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருந்தால் எஞ்சின் நிற்காது, வயரிங்கை ஓடவிட்டே சோதித்துப் பார். முன்சக்கர ஹப்பைத் தேய்மானப் பொருளாகவே வைத்துக்கொள். ஒவ்வொரு ரேஸுக்கும் முன்னால் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டு. துளி ஆட்டம் இருந்தாலும் மாற்று. நான்கு சக்கரங்களிலும் விழும் மூலை எடையையும் நீ உள்ளே உட்கார்ந்துதான் சரிசெய்ய வேண்டும், காலி சீட்டோடு செய்த கணக்கு உதவாது.

கட்டுவதைவிட, யாரோ கட்டி முடித்த காரை வாங்கினால் பாதிச் செலவு மிச்சம் என்று உன்னிடமும் சொல்லியிருப்பார்கள். அது உண்மைதான். ஆனாலும் நீ கட்டு. ஒவ்வொரு போல்ட்டும் எங்கே இருக்கிறது, எந்த முறுக்கில் இருக்கிறது என்று தெரிந்து ஓட்டும் பெண்ணாக நீ இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. வாங்கினாலும் கேஜை இதே கண்ணாடியை வைத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

அம்மாவுக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை. நான் பேசிக்கொண்டிருக்கிறேன். நீயும் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, அவளுக்குப் புரிகிற மாதிரி பெல்ட்டையும் சீட்டையும் காட்டு, வேகத்தைப் பற்றிப் பேசாதே.

டாக் போட்ட அன்றைக்கு நீ உள்ளே உட்கார்ந்த படங்கள் பக்கவாட்டிலிருந்தும் முன்னாலிருந்தும் வேண்டும். அப்புறம் முழு வெல்டு முடிந்ததும், பெயிண்ட் அடிக்கும் முன்பே, ஒவ்வொரு மூட்டையும் நல்ல வெளிச்சத்தில் எடுத்து அனுப்பு. மேல் ஓரத்து மூட்டுகளைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி எடு. நான் பார்த்துப் பதில் சொல்லும்வரை பெயிண்ட் டப்பாவைத் திறக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவை.

அன்புடன்,
அப்பா