காத்கின் பார்க் பெரியவருக்கும், உங்க எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம்.

நேத்து சாயங்காலம் அப்பா ஊர்ல இருக்கற அத்தைகிட்ட போன்ல பேசிட்டாரு. "சாப்ட்டியாம்மா, முட்டி வலி எப்படி இருக்கு"ன்னு, இடையில ஒரு வார்த்தை முழுங்காம. அந்தப் பக்கம் அத்தை ஒரே அழுகை. எனக்கும் தாங்கல. இதை இப்பவே எழுதிடணும்னு உக்காந்துட்டேன், நாளைக்குன்னு தள்ளிப் போட்டா இந்த மனசு இருக்காது. அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து பேச்சே போனது உங்களுக்கே தெரியும், என்ன ஆச்சு ஏது ஆச்சுன்னு திரும்ப எழுதல, அதுல பாதி நேரம் நீங்கதானே பக்கத்துல நின்னீங்க.

ராத்திரின்னு பாக்காம கார் எடுத்துட்டு ஓடி வந்த அண்ணன், ஃபிளாஸ்க்ல ரசமும் டப்பாவுல இட்லியுமா வார்டு வாசல் வரைக்கும் கொண்டாந்து குடுத்த அக்காங்க, என் பொண்ணை ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வந்து ஹோம்வொர்க் வரைக்கும் பாத்துக்கிட்ட எதிர் வீட்டு பாகிஸ்தான் குடும்பம், பணம் அனுப்பிட்டு பேரு கூட போடாம விட்டவங்க, ஸ்ட்ரோக் வார்டு நர்ஸுங்க, அவ்ளோ பொறுமையா உக்காந்து சொல்லிக்குடுத்த ஸ்பீச் தெரபிஸ்ட், எல்லாருக்கும் கையெடுத்துக் கும்பிடறேன். ஒவ்வொருத்தரையும் நேர்ல பாத்து சொல்லத்தான் போறேன்.

ஆனா இங்க எழுதணும்னு நினைச்சது ஒருத்தரைப் பத்தி. உங்கள்ல யாருக்கும் அவரைத் தெரியாது. வெள்ளைக்காரப் பெரியவர், எழுபது தாண்டிடுச்சு, ஸ்காட்லாந்துல இந்த கிளாஸ்கோ சவுத் சைடுலயே பொறந்து வளந்தவர். பேரு மட்டும் போட வேணாம்னு கேட்டுக்கிட்டாரு, "உங்க ஆளுங்களுக்கு டீமைப் பத்தி சொல்லு, அது போதும்"னாரு. அதனால அவரோட பழைய ஃபுட்பால் டீம் தேர்ட் லானார்க்கைப் பத்தியும் சொல்றேன்.

எங்க வீட்டுல இருந்து கொஞ்ச தூரம் நடந்தா காத்கின் பார்க். ஃபுட்பால் பாக்கறவங்களுக்கு ஹாம்ப்டன் பார்க் ஸ்டேடியம் தெரியும்ல, அதுக்கு நடந்து போற தூரம்தான். பார்க்ல நடுவுல புல்லு கிரவுண்டு, அதைச் சுத்தி மூணு பக்கம் கான்கிரீட் படிக்கட்டு, ஆளுங்க சாஞ்சு நிக்கறதுக்கு இரும்புக் கம்பி வேலி, அந்தப் படிக்கட்டுக்கு நடுவுல பெரிய பெரிய மரம். இத்தனை வருஷமா அந்தப் பக்கம் போறேன் வர்றேன், ஏதோ பழைய கிரவுண்டுன்னு மட்டும்தான் தெரியும். அப்பா வீட்டுக்கு வந்தப்புறம் படி ஏறி இறங்கி பழகணும்னு பிசியோ சொன்னாங்க, எங்க ஃபிளாட் படி ரொம்ப செங்குத்து, சரின்னு இங்க கூட்டிட்டுப் போனேன். கை கால் கொஞ்சம் கொஞ்சமா தேறிட்டு வந்துச்சு, பேச்சுதான் வரல. சொல்ல வேண்டியது உள்ள இருக்கு, வார்த்தை மட்டும் கைக்கு மாட்டலன்னு தெரபிஸ்ட் சொன்னாங்க. "ம்" தவிர ஒண்ணும் வராது. அந்த "ம்"மையும் எங்க மூஞ்சியைப் பாக்காமதான் சொல்வாரு.

ஒருநாள் காலைல அப்பா கம்பியைப் புடிச்சுட்டு நின்னாரு, மூச்சு வாங்கிட்டு. சிவப்பு மஃப்ளர் போட்ட பெரியவர் ஒருத்தர் வந்து பக்கத்துல நின்னு, "நீங்க நிக்கற இடத்துலதான் எங்கப்பா நிப்பாரு"ன்னாரு. நான் குறுக்க பூந்து, அப்பாவால பேச முடியாதுன்னு சொன்னேன். "பரவாயில்ல, நான் பேசறேன்"ன்னுட்டு அவரு பாட்டுக்கு ஆரம்பிச்சுட்டாரு. மறுநாளும் வந்தாரு. அதுக்கு அடுத்த நாளும். நான் வேலைக்குப் போற நாள்ல அப்பாவை பார்க்குக்குக் கூட்டிட்டுப் போயி படி ஏத்தி எறக்கி வீட்டுல கொண்டாந்து விட்டதெல்லாம் அவருதான். நாங்க யாரும் கேக்கவே இல்ல.

அந்தக் கிரவுண்டு தேர்ட் லானார்க்னு ஒரு கிளப்போடது. 1872-ல பட்டாளத்து வாலன்டியருங்க சேர்ந்து ஆரம்பிச்சது, தேர்ட் லானார்க்ஷயர் ரைஃபிள் வாலன்டியர்ஸ்னு அவங்க படைக்குப் பேரு, அதுல இருந்து வந்த பேருதான். சட்டையும் பட்டாளத்துச் சிவப்புதான். ஸ்காட்லாந்து ஃபுட்பால் அசோசியேஷனைத் தொடங்கின கிளப்புங்கள்ல இதுவும் ஒண்ணு, 1890-ல லீக் ஆரம்பிச்சப்பவும் முதல் வரிசையிலயே இருந்துச்சு. 1889 ஸ்காட்டிஷ் கப் ஃபைனல்ல செல்டிக்கை 3-0ன்னு அடிச்சிருக்காங்க, ஆனா அன்னைக்கு கிரவுண்டு முழுக்க பனி, அது கணக்குல சேராதுன்னு சொல்லிட்டாங்க, திரும்ப ஆடி 2-1ன்னு கப்பைத் தூக்கிட்டாங்க. பெரியவர் இதைச் சொல்றப்போ, போன வாரம் நடந்த அநியாயம் மாதிரியே கோவப்படுவாரு.

1903-ல குயின்ஸ் பார்க் கிளப் இப்ப இருக்கற ஹாம்ப்டனுக்கு மாறிடுச்சு, அவங்க காலி பண்ண பழைய ஹாம்ப்டன்தான் இந்த காத்கின். தேர்ட் லானார்க் இங்க வந்த முதல் சீசன்லயே, 1903-04-ல, லீக் சாம்பியன். மறு வருஷம் ரேஞ்சர்ஸை 3-1ன்னு ஜெயிச்சு கப். கிளாஸ்கோன்னா செல்டிக், ரேஞ்சர்ஸ் ரெண்டே பேருதான்னு நாம நினைச்சுட்டு இருக்கோம் பாருங்க, அந்த ரெண்டு பேருக்கும் நடுவுல தலை நிமிந்து நின்ன டீம் இது. 1923-ல கப்பல் ஏறி அர்ஜென்டினா, உருகுவே வரைக்கும் போயி ஆடிட்டு வந்திருக்காங்க.

ஆனா பெரியவர் உயிரை விடறது 1960-61 சீசனுக்குத்தான். அப்போ சின்னப் பையன், அவங்கப்பா தோள்ல உக்காந்து பாத்த வயசு போயி, தானா கூட்டத்துல நுழைஞ்சு கம்பி கிட்ட வந்து நிக்கற வயசு. 34 மேட்ச், 100 கோல். கடைசி மேட்ச் இதே கிரவுண்டுல ஹிபெர்னியன் கூட, 6-1ன்னு அடிச்சு நூறைத் தொட்டாங்க. லீக்ல மூணாவது இடம், ரேஞ்சர்ஸ், கில்மார்னாக் அடுத்தது இவங்க. அதே சீசன்ல 80 கோல் வாங்கியும் இருக்காங்க! அதைச் சொன்னப்போ அப்பா சிரிச்சாரு. ஆஸ்பத்திரிக்குப் போனதுல இருந்து அப்பா சிரிச்சு நான் பாத்தது அன்னைக்குத்தான்.

அந்த வருஷத்து ஃபார்வர்ட் லைன், அதாவது முன்னாடி நின்னு கோல் அடிக்கற அஞ்சு பேரை அவரு மந்திரம் மாதிரி சொல்வாரு. குட்ஃபெல்லோ, ஹில்லி, ஹார்லி, கிரே, மெக்கின்னஸ். தினம் படி ஏறறப்போ படிக்கு ஒரு பேரு. அப்பா கையைப் புடிச்சுக்கிட்டு குட்ஃபெல்லோ, ஒரு படி, ஹில்லி, ஒரு படி. அஞ்சு படி ஆனதும் நின்னு மூச்சு வாங்கிட்டு திரும்ப குட்ஃபெல்லோவுல இருந்து.

இப்ப நான் சொல்லப் போறதை நான் கண்ணால பாத்தேன், சனிக்கிழமை, லீவு, நானும் கூட இருந்தேன். படியில அப்பாவை உக்கார வச்சுட்டு பெரியவர் கீழ இருந்து அஞ்சு சின்னக் கல்லு பொறுக்கிட்டு வந்தாரு. அப்பாவுக்கு முன்னாடி வரிசையா வச்சாரு. நடுக்கல்லைத் தொட்டு "ஹார்லி, சென்டர் ஃபார்வர்ட்"ன்னாரு, அந்தப் பக்கம் குட்ஃபெல்லோ, இது ஹில்லி, இது கிரே. கடைசிக் கல்லை அவரு தொடறதுக்கு முன்னாடி அப்பா கை நீட்டி, நடுங்குற வலது கை, அந்தக் கல்லை இன்னும் கொஞ்சம் ஓரத்துக்கு, லைன் கிட்டக்க தள்ளி வச்சுட்டு சொன்னாரு: "லெஃப்ட் அவுட்."

தெளிவா. சத்தமா.

எங்கப்பா வியாசர்பாடிக்காரரு. மில்லுல அவருக்கு வேலை கிடைச்சதே ஃபுட்பால் ஆடத் தெரிஞ்சதாலதான், மில் டீமுக்கு லெஃப்ட் அவுட், அதாவது ஃபார்வர்ட் லைன்ல இடது ஓரத்துல ஆடறவரு. அந்தப் பெரியவருக்கு இது எதுவும் தெரியாது, நான் சொன்னதே இல்ல. எனக்கே அது ஏதோ பழைய கதை, சின்ன வயசுல கேட்டு மறந்தது. மில்லு மூடினாங்க, டீமும் கூடவே போச்சு, அப்பா பந்தைப் பத்தி வீட்டுல பேசறதையே விட்டுட்டாரு. அத்தனை வருஷம் உள்ள அமுங்கிக் கிடந்தது அன்னைக்குப் படியில அந்தக் கல்லுல வெளிய வந்துச்சு. பெரியவர் ஒரு நிமிஷம் அப்பாவையே பாத்தாரு, அப்புறம் "யூ? லெஃப்ட் அவுட்?"ன்னு நெஞ்சைத் தொட்டுக் கேட்டாரு. அப்பா தலையாட்டினாரு. ரெண்டு பேரும் கையைப் புடிச்சுக்கிட்டாங்க, ரொம்ப நேரம் விடல. நான் அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டேன்.

அதுக்கப்புறம் பேரு ஒவ்வொண்ணா வர ஆரம்பிச்சுது. முதல்ல மெக்கின்னஸ், அப்புறம் கிரே. தெரபிஸ்ட்கிட்ட சொன்னப்போ அவங்களுக்கு ஒரே சந்தோஷம். ஒண்ணு ரெண்டு மூணு, திங்கள் செவ்வாய், பாட்டு, இப்படி வரிசையா மனசுல பதிஞ்சது தனியா பேசற வார்த்தையை விட சுலபமா வருமாம், அதைப் புடிச்சே போங்கன்னாங்க. வீட்டுல என் பொண்ணு தாத்தாவைப் படி ஏத்தறப்போ அவளும் குட்ஃபெல்லோ, ஹில்லிதான். அவ அந்தக் கிளப்போட பழைய கூச்சல் "ஹை ஹை ஹை"யும் கத்துக்கிட்டா, கீழ் வீட்டுக்காரங்க பாவம்.

அந்த டீம் எப்படிப் போச்சுன்னும் அவரு சொன்னாரு, ஆனா அப்பாவுக்கு உடம்பு நல்லா தேறினப்புறம்தான். நூறு கோல் அடிச்ச அஞ்சு பேரையும் ஒண்ணா வச்சுக்க கிளப் நிர்வாகம் நினைக்கல. 1962-ல ஹில்லி நியூகாஸில் போயிட்டாரு, ஹார்லி மான்செஸ்டர் சிட்டி, பின்னாடியே கிரேயும் சிட்டிக்கு. 1964-65-ல 34 மேட்ச் ஆடி மொத்தமே 7 பாயின்ட், கீழ் டிவிஷனுக்குப் போயாச்சு. கிரவுண்டை வித்து வீடு கட்டணும்னு உள்ளுக்குள்ளயே கணக்குப் போட்டுட்டு இருந்தாங்கன்னு இவரு மாதிரி ரசிகருங்க இன்னைக்கும் சொல்வாங்க, கிளப்பை நடத்தின விதத்தைப் பத்தி அரசாங்கமே அப்புறம் விசாரணை வச்சுது. 1967 ஏப்ரல் 28, டம்பார்ட்டன் ஊர்ல கடைசி மேட்ச், 5-1ன்னு தோல்வி. அந்த ஒரு கோல் ட்ரூ பஸ்பி அடிச்சது, தேர்ட் லானார்க் அடிச்ச கடைசி கோல். கோடையிலயே கிளப்பு திவால், 95 வருஷத்துக் கதை முடிஞ்சுது. வீடு ஒண்ணும் கட்டல, கிரவுண்டு மாநகராட்சி கைக்கு வந்து பார்க் ஆயிடுச்சு. அதனாலதான் அந்தப் படியெல்லாம் இன்னும் இருக்கு, அதுல எங்கப்பா நடை பழகினாரு.

இதைக் கேட்டு முடிச்சதும் அப்பா அவருகிட்ட கேட்டாரு, இங்கிலீஷ்ல, தட்டுத் தடுமாறி, "ஆஃப்டர் தட்... சாட்டர்டே... வாட் யூ டூ?" அதாவது டீம் போனப்புறம் சனிக்கிழமை என்ன பண்ணீங்கன்னு. வேற டீமுக்குப் போக மனசு வரல, இங்கயே வந்து நின்னேன்னு பெரியவர் சொன்னாரு. அப்பாவுக்கு அது புரிஞ்ச அளவுக்கு எனக்குப் புரிஞ்சிருக்காது. மில்லு மூடினப்புறம் ஞாயித்துக்கிழமை காலைல அப்பா எங்கயோ தனியா நடந்து போயிட்டு வருவாரே, அது எங்கன்னு நாங்க யாரும் கேட்டதில்ல. இப்ப நினைச்சாலும் நெஞ்சு அடைக்குது.

ஐயா, உங்களுக்குத் தமிழ் தெரியாது, இதை நான் படிச்சு அர்த்தம் சொல்வேன், நீங்க வேணாம் வேணாம்னு கையை ஆட்டுவீங்க. இருந்தாலும் சொல்றேன். டாக்டருங்க உயிரைக் காப்பாத்தினாங்க, அதுக்கு எந்நாளும் நன்றி. பேச முடியாத மனுஷன்கிட்ட, பதில் வராதுன்னு தெரிஞ்சும், தினம் வந்து பேசினீங்க பாருங்க. சொந்தக்காரங்க நாங்களே அவரு முன்னாடி நின்னுட்டு அவரைப் பத்தி எங்களுக்குள்ள பேசிட்டு இருந்தோம், நீங்க அவருகிட்ட பேசினீங்க. இதுக்கு ஈடா என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியல, வாரா வாரம் இட்லி வரும், அதை மட்டும் வேணாம்னு சொல்லாதீங்க.

அப்புறம் ஒரு விஷயம் முடிவு பண்ணியிருக்கேன். அப்பாவோட மில் டீமைப் பத்தி அப்பா சொல்லச் சொல்ல போன்ல ரெக்கார்ட் பண்ணி எழுதி வைக்கப் போறேன். தேர்ட் லானார்க்குக்கு கப்பு, ஸ்கோரு, போட்டோன்னு எல்லாம் எங்கயோ பத்திரமா இருக்கு, பேரு சொல்ல பெரியவர் மாதிரி ஆளுங்க இருக்காங்க. எங்கப்பா டீமுக்கு எதுவுமே இல்ல, இருக்கறது அவரு ஞாபகம் மட்டும்தான், அதுவும் எவ்ளோ சீக்கிரம் கை நழுவிப் போகும்னு பாத்துட்டோம். பெரியவரும் விடமாட்டேங்கறாரு, "உங்க அஞ்சு பேரு யாரு?"ன்னு தினம் அப்பாவைக் கேக்கறாரு. லெஃப்ட் அவுட் அப்பா. லெஃப்ட் இன், சென்டர், ரைட் அவுட் பேரெல்லாம் வந்துடுச்சு. ரைட் இன் ஆடினவரு பேரு மட்டும் இன்னும் வரல, சுருட்டை முடி, கொஞ்சம் குள்ளம், வீடு கன்னிகாபுரம் பக்கம்ங்கற வரைக்கும் சொல்றாரு. பெரம்பூர், வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் அந்தக் காலத்துல மில்லுக்கு ஆடினவங்க வீட்டுப் பிள்ளைங்க யாராவது இதைப் படிச்சா, வீட்டுல பெரியவங்ககிட்ட கொஞ்சம் கேட்டுப் பாருங்க, பழைய டீம் போட்டோ ஏதாவது பரண்ல கிடந்தா எடுத்து அனுப்புங்க.