குளியலறையைச் சுருக்காதீர்கள்: முதியோருக்குச் சிறு வீடு வரைபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கட்டடக் கலைஞர்களுக்கும் கட்டுநர்களுக்கும் வணக்கம்.

நீங்கள் கட்டி முடித்துச் சாவி கொடுத்த வீடுகளில், பிறகு கைப்பிடி பொருத்தவும் நிலைப்படியை உடைக்கவும் கதவை அகலப்படுத்தவும் போகிறவர்கள் நாங்கள். பெரிய வீட்டை விட்டு, வயதான காலத்துக்கென்று சின்னதாக ஒன்று கேட்டு வருகிறவர்களுக்கு நீங்கள் தரும் வரைபடங்களில் ஒரே தவறு திரும்பத் திரும்ப வருகிறது. மூன்று படுக்கையறை வீட்டை எடுத்து எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் குறைத்துவிடுகிறீர்கள். கூடம் குறையட்டும், இரண்டாவது படுக்கையறை போகட்டும். குளியலறையும் கதவுகளும் மட்டும் முன்பு இருந்ததைவிடப் பெரிதாக வேண்டும்.

கணக்கு இதுதான். 2100க்கு 1200 மி.மீ. குளியலறை 2.5 சதுர மீட்டர். வாக்கரோடு உள்ளே போகலாம், திரும்ப முடியாது. குளிப்பாட்ட ஒருவர் கூட நிற்கவும் இடமிராது. 2400க்கு 1800 என்றால் 4.3 சதுர மீட்டர். குறுகிய சுவரில் கமோடு, எதிர்முனையில் ஷவர், வாஷ்பேசின் அடியில் தூண் இல்லாமல் சுவரில் தொங்கட்டும். ஷவர் தரையையும் சேர்த்துக்கொண்டால் சக்கர நாற்காலி திரும்பத் தேவையான 1500 மி.மீ. வட்டம் அதற்குள் அடங்கும். கூடுதலாகத் தேவைப்படுவது 1.8 சதுர மீட்டர். ஒரு மீட்டர் அகலத்தில் இரண்டு மீட்டர் நடைவழியை எடுத்துவிட்டால் அது கிடைத்துவிடும். இருவர் வாழும் சிறு வீட்டுக்கு நடைவழி எதற்கு என்பது எங்களுக்கு இன்னும் விளங்கவில்லை.

ஷவரைச் சுற்றித் தடுப்பு வேண்டாம் என்றால், தண்ணீர் வெளியே ஓடிவருமே என்கிறீர்கள். வாட்டம், அதாவது வடிகாலை நோக்கிய தரைச் சரிவு, சரியாக இருந்தால் வராது. 50க்கு 1 போதும், 1200 மி.மீ. தரைக்கு 24 மி.மீ. இறக்கம். அதோடு நீர்த்தடுப்புப் பூச்சு, டைல்ஸுக்கு அடியில் போடும் கலவை, வடிகாலின் ஆழம் எல்லாம் சேரும் என்பதால் அந்தப் பகுதியில் ஸ்லாபை, அதாவது கான்கிரீட் தளத்தை, தாழ்த்தித்தான் ஊற்ற வேண்டும். எவ்வளவு தாழ்த்துவது என்பதை வடிகால்தான் சொல்லும். ஆகவே முதலில் வடிகாலைத் தேர்ந்தெடுங்கள், பிறகு கான்கிரீட் ஊற்றுவதற்கான ஷட்டரிங் பலகைகளை அடியுங்கள். ஸ்லாப் ஊற்றிய பின் நினைத்துக்கொண்டால் குளியலறைத் தரையை உயர்த்துவது ஒன்றே வழி. வாசலில் கால் இடறும் நிலைப்படி அப்படித்தான் வந்து சேர்கிறது. உயர வித்தியாசம் தவிர்க்கவே முடியாத இடத்தில் 13 மி.மீ.க்கு மேல் போகாமல், விளிம்பைச் சரித்து விடுங்கள்.

வடிகால் எங்கே என்பதும் முக்கியம். நடுவில் சதுர ஜாலி வைத்தால் நாலு புறமிருந்தும் வாட்டம் இறங்கும். டைல்ஸை மூலைக்கு மூலை வெட்டியாக வேண்டும், தரை கடித உறையின் பின்பக்கம்போல நாலாக மடியும். அதன்மேல் குளியல் நாற்காலியைப் போட்டுப் பாருங்கள், ஒரு கால் தரையில் படாது. சோப்பு எடுக்கக் கை நீட்டும்போது நாற்காலி ஆடும். நீள வடிகாலை உள்சுவரை ஒட்டி வைத்தால் வாட்டம் ஒரே பக்கம். நாலு கால்களும் பதிந்து நிற்கும்.

கதவைப் பற்றி. 900 மி.மீ. நிலை போட்டேன் என்பது பதிலாகாது. நிலைச்சட்டங்களின் தடிமனும், திறந்து நிற்கும் கதவின் தடிமனும் போக, நடக்கக் கிடைக்கும் இடைவெளியைத்தான் அளக்க வேண்டும். அது 815க்குக் குறையக் கூடாது, 900 இருந்தால் நல்லது. குளியலறைக் கதவு உள்பக்கம் திறக்கவே கூடாது. உள்ளே விழுந்தவர் கதவின் மேலேயே கிடந்தால் வெளியிலிருந்து யாராலும் தள்ள முடியாது. ஸ்லைடிங் கதவு நல்ல மாற்று. ஆனால் மேலே தொங்கும் வகையாக இருக்கட்டும், தரையில் தண்டவாளம் வேண்டாம். குழிவான விரல்பிடி மூட்டுவலிக் கைக்கு ஆகாது, பிடித்து இழுக்கும்படி நீட்டிய கைப்பிடி வேண்டும். அந்தக் கைப்பிடி நிலையில் தட்டுவதால் கதவு முழுதாக ஒதுங்காது; 100 மி.மீ. வரை அதற்கே போகும். 900 தேவையென்றால் திறப்பை 1000 என்று வரையுங்கள். வெளியிலிருந்து நாணயத்தாலோ திருப்புளியாலோ திறக்கக்கூடிய தாழ்ப்பாளும் மறக்க வேண்டாம்.

கைப்பிடிக் கம்பிகளை இப்போதே மாட்டச் சொல்லவில்லை. அவற்றைத் தாங்கும் சுவரை இப்போதே தயார் செய்யுங்கள். உள்ளே குழிவான ஹாலோ பிளாக் சுவரில், திருகாணியைப் பிடிக்கத் துளையில் செருகும் ராவல் பிளக் நிற்காது, ஆள் எடை விழுந்தால் டைல்ஸோடு பெயர்ந்து வரும். கமோடையும் ஷவரையும் சுற்றித் தரையிலிருந்து 700 முதல் 1500 மி.மீ. வரை பிளாக்குகளின் உட்குழியைக் கான்கிரீட்டால் நிரப்புங்கள். லேசான பலகைத் தடுப்பென்றால் உள்ளே 18 மி.மீ. பிளைவுட். டைல்ஸ் ஒட்டும் முன் அளவு நாடாவைச் சுவரில் பிடித்துப் படமெடுத்து வீட்டுக்காரரிடம் கொடுங்கள். பிற்பாடு துளை போடுகிறவருக்கு அந்த ஒரு படம் போதும். கம்பிக்கும் சுவருக்கும் 38 மி.மீ. இடைவெளி, அதிகம் விட்டால் வழுக்கும்போது கை உள்ளே போய்ச் சிக்கும். ஷவர் பக்கம் துண்டுக்கம்பி என்று தனியாக ஒன்று வேண்டாம். விழப்போகிறவர் எது கைக்கு எட்டுகிறதோ அதைத்தான் பிடிப்பார், ஆகவே அதுவும் ஆள் எடை தாங்கட்டும். உறிஞ்சி ஒட்டும் கைப்பிடியை நம்பவே நம்பாதீர்கள்.

கமோடு இருக்கையின் உயரம் 430 முதல் 485 மி.மீ. வெள்ளைத் தரை, வெள்ளைச் சுவர், வெள்ளைக் கமோடு அழகுதான். பார்வை மங்கியவருக்கு இருக்கை எங்கே முடிகிறது என்று தெரியாது. இருக்கையையோ பின்சுவரையோ வேறு நிறத்தில் கொடுங்கள்.

60 வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி, 20 வயதில் சேர்ந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அதற்காகக் கூரையில் ஒரே ஒரு பெரிய விளக்கைப் போட்டால் கண் கூசும். மூடிய விளக்குகளைப் பல இடங்களில் பரப்புங்கள். கட்டிலிலிருந்து கமோடு வரை, ஆள் அசைந்தால் எரியும் விளக்குகளைக் கணுக்கால் உயரத்தில் வையுங்கள். ஸ்விட்ச் 1000 மி.மீ. உயரத்தில், பிளக் பாயின்ட் 450க்குக் கீழே வேண்டாம். சேமிப்புத் தொட்டியில் வெந்நீர் 60 டிகிரியில் இருந்தால்தான் கிருமி வளராது. அதே சூட்டில் குழாயில் வந்தால் சில நொடிகளில் தோல் வெந்துபோகும். நடுவே வெப்பம் கட்டுப்படுத்தும் கலப்பு வால்வு வையுங்கள்.

சமையலறை மேடைக்கு அடியில் கதவு வைத்த அலமாரிகளுக்குப் பதில் இழுப்பறைகள். பரண் வேண்டவே வேண்டாம், ஏணி ஏறுகிற வயதல்ல. அதற்கு ஈடாக 400 முதல் 1200 மி.மீ. உயரத்துக்குள் சேமிப்பிடம் கொடுங்கள். கொடுக்காவிட்டால் பெட்டிகள் தரைக்கு வந்து நடக்கும் வழியை அடைக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வரைபடத்தில் கட்டிலைப் போட்டு, அதன் ஒரு பக்கமாவது 900 மி.மீ. விட்டுக் காட்டுங்கள். ஒப்புதல் வாங்கும் முன், படுக்கையறையையும் குளியலறையையும் உண்மையான அளவில் வெறுந்தரையில் சுண்ணாம்பால் கீறி, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதையும் குறித்து, குடிவரப் போகிறவரை அதற்குள் ஒரு வாக்கரோடு நடக்கவும் ஒரு சக்கர நாற்காலியில் உட்கார்ந்து திரும்பவும் சொல்லுங்கள். எங்கே இடிக்கிறது என்பதை வரைபடத்தில் அவர் முன்னிலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
முதியோர் வீடுகளில் திருத்த வேலை செய்வோர்