மோட்டுவேக்காவிலிருந்து அப்பாவுக்கு

மோட்டுவேக்கா, நியூசிலாந்து
மார்ச் கடைசி வாரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. கொடிக்காலில் கீழ்ப்பாத்தி முழுவதும் வாடல் விழுந்துவிட்டது என்று படித்ததிலிருந்து வேலையில் மனம் நிற்கவில்லை.

எனக்கு வேலை பீர் ஆலையில் என்றதும் அம்மா கலங்கியதாகப் பெரியக்கா எழுதியிருந்தாள். நான் நிற்பது தோட்டத்திலும் உலர்த்தும் கொட்டகையிலும்தான் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் கொடியை, வெளியில் சரக்கு வாங்காமல், ஆலைக்காரர்களே வளர்க்கிறார்கள். பார்த்தால் நம் வெற்றிலைக் கொடிக்கால் என்றே சொல்வீர்கள். அகத்திக்குப் பதில் உயரமான கம்பங்கள், அவற்றின் மேல் கம்பி, கம்பியிலிருந்து தொங்கும் கயிறு. வசந்தத்தில் தூரிலிருந்து துளிர்க்கும் கொடி கயிற்றைச் சுற்றிக்கொண்டு ஐந்து மீட்டர் ஏறிவிடுகிறது. பெண் கொடியில் காய்க்கும் கூம்பைத்தான் பறிக்கிறோம். பிளந்தால் உள்ளே மஞ்சள் பொடி, அதில்தான் மணமெல்லாம். இந்த ஊர்ப் பெயரிலேயே ஒரு ரகம் இருக்கிறது, பக்கத்து ரிவாக்கா பெயரிலும் ஒன்று.

பறித்த கூம்பில் முக்கால் பங்கு தண்ணீர். நூற்றுக்குப் பத்துப் பங்கு ஈரம் நிற்கும்வரை சூடான காற்றில் காயவைக்கிறோம். அதிகம் காய்ந்தால் பொடி உதிரும், குறைந்தால் மூட்டைக்குள் புழுங்கிவிடும். கைவைத்துப் பார்த்தே பதம் சொல்ல நீங்கள் பழக்கியது இங்கே உதவுகிறது. கொஞ்சத்தை மட்டும் காயவைக்காமல், பறித்த அன்றே பச்சையாகக் கொதிகலத்தில் போட்டுக் காய்ச்சுகிறார்கள். அன்று ஊரே மணக்கிறது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு வார்த்தை பேசமாட்டார். ஆனால் விடிந்தால் என் வாசலில் ஒரு பை ஃபெய்ஜோவா பழம் இருக்கும். கூட இருந்த பையன்கள் வேறு ஊருக்குப் போய்விட்டதால் அறை இப்போது விசாலமாக இருக்கிறது. குளிர் இனிமேல்தான், போர்வை இருக்கிறது.

ஹாப்ஸ் பிசின் விரலில் ஏறினால் சோப்புக்கும் போவதில்லை. பிசைந்து சாப்பிட்டால் ரசம் சோறே கசக்கிறது, ஸ்பூனால்தான் சாப்பிடுகிறேன். அம்மா உருட்டி உள்ளங்கையில் வைக்கும் சோறு நினைவுக்கு வந்தால் அதற்குமேல் இறங்குவதில்லை அப்பா.

இந்த மாதம் பாதிதான் அனுப்பியிருக்கிறேன். அறுவடைக் கணக்கு முடிந்ததும் மீதி வரும். அதற்குள் பெரியக்கா நகையை அடகு வைத்துவிடாதீர்கள். வாடல் கண்ட கொடிகளை வேரோடு எடுத்து எரித்துவிட்டு, தண்ணீர் தேங்காமல் வடிகால் வெட்டச் சொல்லுங்கள். சித்தப்பா தன் பங்கை விற்பதானால் கிணற்றுப் பாத்தியதையைத் தனியே எழுதி வாங்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். உத்தமபாளையம் மாமாவையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். என்ன முடிவாயிற்று என்று உடனே எழுதுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகன்