பதினேழு வயதுப் பையனுக்குப் பதினேழு வயது முகம் கொடுங்கள்

ஹாலிவுட்டில் மியூசிகல் நாடகங்களைப் படமாக்கும் தயாரிப்பாளர்களுக்கும், நடிகர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவினருக்கும்,

வணக்கம். 'டியர் எவான் ஹான்சன்' என்ற மேடை மியூசிகல் படமாக வெளிவந்த 2021-லேயே, பள்ளி மாணவனாக வரும் நாயகனுக்கு வயது ஏறித் தெரிகிறது என்பதைக் கேட்டுக் கேட்டு உங்கள் காது புளித்திருக்கும். எனக்குத்தான் தாமதம். போன ஞாயிற்றுக்கிழமைதான் பார்த்தேன், ப்ளஸ் டூ படிக்கும் மகளோடு. அந்த நாடகத்தின் பாட்டெல்லாம் அவளுக்கு மனப்பாடம். படத்துக்காக டியூஷனைக்கூடத் தள்ளி வைத்திருந்தாள்.

பத்து நிமிடம் போயிருக்கும். பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த என் மாமியார் நிமிர்ந்து பார்த்தார். பள்ளி வராந்தாவில் நாயகன், கையில் மாவுக்கட்டு, முதுகில் பை. "இந்த வாத்தியார் ஏண்டி பசங்க நடுவுல பையத் தூக்கிட்டு அலையறாரு?" என்றார். மகள் பதில் சொல்லவில்லை. ரிமோட்டை எடுத்து சத்தத்தைக் கூட்டிவிட்டாள்.

நாயகனாக நடித்த பென் பிளாட்டின் திறமையை நான் குறை சொல்லவில்லை. அதே வேடத்தை மேடையில் நடித்ததற்காக 2017-ல் அமெரிக்காவின் நாடக விருதான டோனி விருது வாங்கியவர். ஆனால் அது மேடை. சுமார் 1,000 இருக்கைகள் உள்ள அரங்கில் கடைசி வரிசைக்குத் தெரிவது குறுகிய தோளும் நடுங்கும் விரல்களும்தான். எங்கள் கூத்தில் அறுபது வயதுக்காரர் அபிமன்யு கட்டினாலும் விடியும்வரை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். கேமராவுக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. படம் வந்தபோது அவருக்கு 28 வயது. முகத்தைத் திரை முழுக்கக் காட்டினால் தலை நிறையச் சுருட்டை முடி வைத்தும் மறையவில்லை.

இந்தக் கதையில் வயதுதான் எல்லாம். கூடப் படித்து, செத்துப்போன பையனின் அப்பா அம்மாவோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, நடக்காத நட்பையும் போகாத ஆப்பிள் தோட்டத்தையும் நாயகன் எவான் அளந்துவிடுகிறான். பதினேழு வயதுப் பையன் என்றால், 'ஐயோ, பயத்தில் உளறிவிட்டான், இனி எப்படி மீள்வான்?' என்று மனசு அடித்துக்கொள்ளும். வளர்ந்த ஆள் அதையே சொன்னால் என்ன தோன்றும்? துக்க வீட்டில் புகுந்து ஏமாற்றுகிறான் என்றுதானே? அந்த வீட்டுப் பெண்ணிடம் அவன் காதல் சொல்லும்போது எனக்குச் சேனலை மாற்றத் தோன்றியது. அதனால்தான் கேட்கிறேன்: பதினேழு வயதுப் பையனுக்குப் பதினேழு வயது முகம் கொடுங்கள்.

பிறப்புச் சான்றிதழ் கேட்கவில்லை. அந்தச் செத்துப்போன பையனின் தங்கையாக வந்த கெய்ட்லின் டெவருக்கும் அப்போது 24 வயது, ஆனாலும் மாணவியாக நம்ப முடிந்தது. 'கிரீஸ்' படத்தில் ஸ்டாக்கார்ட் சானிங் 33 வயதில் பள்ளி மாணவியாக நடித்தார். அது கும்மாளம், கூட இருந்தவர்களும் வயது ஏறியவர்கள், சரி என்று விட்டோம். இந்தக் கதை அந்த ரகமா?

சின்ன வயதில் இவ்வளவு பாட முடியாது என்று சொல்லாதீர்கள். 2019-ல் இதே வேடத்தை ஆண்ட்ரூ பார்த் ஃபெல்ட்மேன் நியூயார்க்கின் பிராட்வே மேடையில் ஏற்றபோது அவருக்கு வயது 16. 2021-ல் வந்த 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'க்கு ரேச்சல் ஸெக்லர் தேர்வானபோது அவர் பள்ளி மாணவி. தேடினால் கிடைக்கிறார்கள்.

அப்புறம், படத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவர் நாயகனின் அப்பா மார்க் பிளாட். அதைப் பற்றி நான் வாயே திறக்க மாட்டேன். நாற்பதைத் தாண்டிய ஹீரோ ஒற்றை நோட்டை விரலில் சுழற்றிக்கொண்டு கல்லூரிக்குப் போவதையும், அவரைவிட இரண்டே வயது மூத்தவர் அம்மாவாக நின்று டிபன் பாக்ஸ் நீட்டுவதையும் விசிலடித்துப் பார்த்து வளர்ந்தவள் நான். பேரன் வரைக்கும் வாரிசு பார்த்த ஊர். உங்களுக்குப் பாடம் எடுக்க எனக்கு என்ன யோக்கியதை? ஆனால் நீங்கள் எங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டியது இதுதானா?

கோபத்தில் ஏதோ சொல்லிவிட்டேன், மன்னியுங்கள். கேட்க வந்தது ஒன்றுதான். அடுத்த பள்ளிக்கூடக் கதையை எடுக்கும்போது, மேடையில் கைதட்டல் வாங்கியவரையே கேமரா முன்னாலும் நிறுத்தும் முன், அவர் முகத்தைக் கிட்டத்தில் ஒருமுறை படம்பிடித்து, நாடகமே பார்க்காத யாரிடமாவது காட்டுங்கள். தேவைப்பட்டால் என் மாமியார் இருக்கிறார். பூண்டு உரிக்கும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் சும்மாதான் இருப்பார்.

பணிவுடன்,
ஒரு ப்ளஸ் டூ மாணவியின் அம்மா