ஒரே வரியில் போய்விட்ட நாடகம்

ஆசிரியருக்கு வணக்கம்.

எழுத்தாளரும் நடிகரும் திருநங்கையர் உரிமைச் செயற்பாட்டாளருமான அ. ரேவதியைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். வீட்டில் வாங்கிய அடி, ஊரைவிட்டு ஓடியது, அறுவை சிகிச்சை என்று முக்கால் பக்கம். மேடைக்கு மட்டும் 'நாடகத்திலும் நடித்துள்ளார்' என்று ஒரே வரி. தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடலோர ஊர்களில் நாடகத்துக்கு மேடையும் மைக்செட்டும் விளக்கும் போடுகிறவர்கள் நாங்கள். அந்த ஒரு வரிக்குள் கிடக்கிற வேலையைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

அதற்கு முன் ஒரு திருத்தம். ரேவதியின் முதல் நூலான 'உணர்வும் உருவமும்', மற்றத் திருநங்கைகளைத் தேடிப்போய்க் கேட்டுத் தொகுத்தது. தன் கதையை அதன்பிறகே எழுதினார், அதுவும் தமிழில். வ. கீதா செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2010இல் முந்திக்கொண்டு வந்துவிட்டது. தமிழ் நூல் 'வெள்ளை மொழி' என்று 2011இல் வந்தது. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வந்த புத்தகம் என்று நீங்கள் போட்டிருப்பது தலைகீழ். அ. மங்கையின் இயக்கத்தில் ரேவதி 'வெள்ளை மொழி'யையே தனிநபர் நாடகமாக நடித்தார். 2019இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக நூலக முகப்பில் அமெரிக்க எழுத்தாளர் டோனி மாரிசன் பெயரோடு இவர் பெயரும் பதாகையில் ஏறியது. அதைக்கூட விட்டுவிட்டீர்கள்.

தன் கதையைத் தானே நடிப்பதில் என்ன கஷ்டம் என்று கேட்பார்கள். கணக்குப் பார்த்தால் தெரியும். மேடையில் நிமிடத்துக்கு நூறு சொல் பேசலாம். ஒரு மணி நேரத்துக்கு ஆறாயிரம். நடை, பாட்டு, பேசாமல் நிற்கும் இடம் எல்லாம் போக நாலாயிரம் தேறினால் பெரிது. முழுப் புத்தகத்தை அதற்குள் அடக்கும்போது எதை வெட்டுவது என்பதுதான் முதல் சண்டை. அப்பா, அம்மா, போலீஸ்காரர், குரு எல்லாரையும் சேலை மாற்றாமல் ஒரே ஆள் காட்ட வேண்டும். கழுத்துத் திரும்பும் பக்கத்தையும் குரல் நிற்கும் இடத்தையும் வைத்துத்தான் சனம் ஆளைப் பிரித்தறியும். நிஜமாகவே அழுகை வந்துவிட்டால் முதலில் போவது மூச்சு. அடுத்த நாலு வரி யாருக்கும் கேட்காது. அதனால்தான் அழ வேண்டிய வசனத்துக்கு முந்தின வரியிலேயே மூச்சு எடுக்கும் இடத்தைக் குறித்துவைப்பது. ராத்திரி முழுக்க வள்ளி திருமணம் பார்த்து, ஆண் கட்டிய ஸ்திரீபார்ட் என்ற பெண் வேடத்துக்குக் கைதட்டிய மாவட்டம் இது. திருநங்கை ஒருவர் நடிக்க வந்தால் மட்டும் ஏன் வாயைப் பிளக்கிறோமோ தெரியவில்லை.

இனி நம் கரைக்கு வருவோம். இங்கே நாடகத்தின் முதல் எதிரி காற்று. கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கிற மாதங்களில் ஒரு பக்கம், வாடைக்காற்றில் மறுபக்கம். காற்று வரும் திசைக்கு மேடையின் முதுகைக் கொடுத்தால் குரல் காற்றோடு போய்க் கடைசி வரிசையில் விழும். எதிர்க்காற்று சத்தத்தை மேலே தூக்கிவிடும். பாதிக் கூட்டத்துக்கு வாயசைவுதான் மிச்சம். ஆனால் கோயில் கமிட்டி மேடையைச் சாமி பார்க்கத்தான் போடச் சொல்லும். திருப்ப முடியாத இடத்தில் கூட்டத்தின் நடுவில் இரண்டு பக்கமும் சின்ன ஸ்பீக்கர் ஒவ்வொன்று நிறுத்த வேண்டும். மேடை ஸ்பீக்கரின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஊளைதான் வரும்.

பின்திரையாகத் துணியைக் கட்டினால் அது பாய்மரம், கம்பத்தோடு சாய்த்துவிடும். கழித்துப் போட்ட வலையை இரண்டு மடிப்பாகக் கட்டி, அதில் சாண் அகலக் கறுப்புத் துணிப் பட்டைகளைக் கோத்துவிட்டால் காற்று ஊடே போய்விடும், பார்வைக்கும் இருட்டாக இருக்கும். வலைக்கு எந்தக் குப்பத்திலும் பஞ்சமில்லை.

தனி நடிப்புக்குக் கைமைக் ஆகாது, ஒரு கை செத்துவிடும். சட்டைமைக்கை முந்தானை ஓரத்தில் குத்துவதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. காற்றில் முந்தானை உரசுகிற சத்தம் இடி மாதிரிக் கேட்கும். நெஞ்சுக்குழியில் ரவிக்கையின் உட்பக்கமாக டேப் போட்டு ஒட்டி, மேலே பஞ்சு உறை மாட்ட வேண்டும். பருத்திச் சேலை நல்லது, நைலக்ஸ் சரசரக்கும். அந்த மைக்குக்காக இடுப்பில் கட்டும் பெட்டிக்குள் வியர்வையும் உப்பும் இறங்கினால் பாதி நாடகத்தில் நின்றுவிடும். எண்ணெய்ப் பசை இல்லாத ஆணுறைக்குள் அந்தப் பெட்டியைப் போட்டுக் கட்டுவது நாடகக்காரர்களின் பழைய கைவேலை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புது பேட்டரி. பந்தலின் சீரியல் செட்டை அணைத்துவிட்டு, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மஞ்சள் ஃபோகஸ் போதும். மழை பெய்த மறுநாள் வெள்ளை விளக்குப் போட்டால் ஈசல்தான் நடிக்கும்.

சாதாரணமாகக் கமிட்டிகள் திருநங்கைக் கலைஞர்களைக் கூப்பிடுவது கரகத்துக்கும் ஆடல் பாடலுக்கும். அதில் மொத்தத் தொகையும் ஏஜென்ட் கைக்குப் போய், ஆடியவருக்கு மிச்சம்தான். நாடகத்துக்கு நடிகரிடம் நேரே பேசுங்கள். பணம் அனுப்புவதற்கு முன் வங்கிக் கணக்கில் என்ன பெயர் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆதாரில் ஒரு பெயர், பாஸ்புக்கில் இன்னொரு பெயர் என்று இன்னும் பலருக்கு இழுபறி இருக்கிறது. நோட்டீஸில் அச்சடித்த பெயருக்குச் செக் எழுதினால் திரும்பி வரும். விடுதி அறையை முன்கூட்டியே, வருகிறவர் திருநங்கை என்று சொல்லியே பதிவுசெய்யுங்கள். ஆட்டம் முடிந்து நள்ளிரவில் போய் நிற்கும்போது 'ரூம் இல்லை' என்பார்கள். உடை மாற்ற ஓலைத் தட்டி போதாது. தாழ்ப்பாள் உள்ள அறையும், பக்கத்திலேயே கழிப்பறையும் வேண்டும்.

இப்படி நாடகம் போட நாளும் கையோடு இருக்கிறது. தமிழகத்தில் திருநங்கையர் நல வாரியம் அமைந்தது 2008 ஏப்ரல் 15. திருநங்கையரை மூன்றாம் பாலினமாக ஏற்ற உச்ச நீதிமன்றத்தின் நால்சா தீர்ப்பு 2014இல் அதே தேதி. நம் கிழக்குக் கரையில் 61 நாள் மீன்பிடித் தடை தொடங்குவதும் அன்றுதான். ஜூன் 14 வரை விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும், ஆளும் ஊரில் இருக்கும். ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணி வரைதான் அனுமதி என்பதால் ஏழரைக்கே மணி அடித்துவிட வேண்டும். அந்த நாட்களில் எந்த ஊரில் எந்தக் கலைஞர் நடிக்கிறார் என்று நாடகப் பெயரோடு நாலு வரி போடுங்கள். திருநங்கை என்ற சொல்லுக்குமுன் நடிகர், எழுத்தாளர் என்ற சொற்கள் வரட்டும். பழைய பெயரைத் தோண்ட வேண்டாம். மரியாதையாக எழுத வேண்டிய சொற்களின் பட்டியலைத் தமிழக அரசே 2022இல் அரசிதழில் வெளியிட்டிருக்கிறது.

ஒன்று விட்டுப்போயிற்று: ஜெனரேட்டரை மேடைக்குப் பின்னால், காற்று வரும் பக்கம் வைத்துவிடாதீர்கள். அதன் உறுமல் நடிகரின் மௌனத்தில்தான் வந்து விழும்.

இப்படிக்கு,
கிராம நாடக மேடை, ஒலி, ஒளி அமைப்பாளர்கள் சிலர்,
இராமநாதபுரம் கடலோரம்.