தபாலில் சங்கீதம் படிக்கலாமா?

வெள்ளவத்தை,
கொழும்பு 6

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வவுனியாவிலேயே வேலை கிடைத்தது பெரிய ஆறுதல். இனியாவது நீ கொஞ்சம் மூச்சு விடலாம். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் நோவு மட்டும் விட்டபாடில்லை.

என்னைப்போலச் சங்கீதத்தைத் தொலைக்கல்வியில் படித்து முதுகலைப் பட்டம் எடுப்பது சரிவருமா, நானும் சேரட்டுமா என்று கேட்டிருந்தாய். சேர் என்றுதான் சொல்வேன். ஆனால் எதற்காகச் சேர்கிறாய் என்பதில் தெளிவாக இரு. பாட்டுப் பழகுவதற்காகச் சேர்ந்தால் ஏமாந்துபோவாய். பாட்டு நம் இருவருக்கும் மருதனார்மடத்தில் படித்தபோதே வந்துவிட்டது. குரல், காது, தாளம் எல்லாம் சங்கீத மிஸ்ஸின் முன்னால் பாயில் இருந்து வாங்கியவை. அதைத் தபாலில் யாரும் அனுப்ப முடியாது. இந்தப் படிப்பு தருவது, நாம் இத்தனை வருஷமும் செய்துகொண்டிருப்பதற்கான காரணங்களை. எனக்கு அதுவே போதுமான லாபம்.

தம்புராவையே எடுத்துக்கொள். “சுருதி சுத்தமாகச் சேர்ந்தால் காந்தாரம் தானாகக் கேட்கும்” என்று மிஸ் சொல்லுவா, நினைவிருக்கிறதா? நமக்கும் கேட்டது. ஆனால் காந்தாரத்துக்கென்று, அந்த ‘க’ சுரத்துக்கென்று, ஒரு தந்தி இல்லாத வாத்தியத்தில் அது எங்கிருந்து வருகிறது என்று நாம் யோசிக்கவே இல்லை. ஒலியியல் பாடத்தில் அதற்கு விடை இருந்தது. மீட்டிய தந்தி முழு நீளத்தில் மட்டும் அதிர்வதில்லை. அதே நேரத்தில் இரண்டு பாதிகளாகவும், மூன்று, நான்கு, ஐந்து பங்குகளாகவும் அதிர்கிறது. பாதியில் மேல் ஷட்ஜம் (ஸ), மூன்றில் ஒரு பங்கில் அதற்கு மேலே பஞ்சமம் (ப), ஐந்தில் ஒரு பங்கில் அந்தர காந்தாரம். தந்திகளைத் தாங்கும் குதிரையின் மேல், தந்திக்கு அடியில் வைத்த ஜீவா நூலை மயிரிழை நகர்த்தும்போது இந்த மேல் ஒலிகள்தான் துலங்கி வருகின்றன. இதைப் படித்த மறுநாள் விடியவே, காலி வீதியில் பஸ் இரைச்சல் தொடங்குவதற்கு முந்தி, கதவைச் சாத்திவிட்டு மந்தர ஷட்ஜத் தந்தியை மட்டும் மீட்டிக் கேட்டேன். பஞ்சமம் முதலில் வந்தது. ஒலி தேயத் தேயக் காந்தாரம் தெளிந்தது. அன்றைக்கு நான் ஒரு கீர்த்தனைகூடப் பாடவில்லை, அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது பாடசாலையிலும் முதல் வகுப்பே இதுதான். பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, கேட்டதும் துள்ளுகிறார்கள்.

சங்கீத இலக்கணம் சொல்லும் லட்சண கிரந்தங்களும் அப்படித்தான். பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சாரங்கதேவர், 1550இல் ராமாமாத்தியர், அடுத்த நூற்றாண்டில் வேங்கடமகி என்று வரிசையாகப் பாடம் பண்ணிச் சோதனை எழுதிவிடலாம், கஷ்டமில்லை. ஆனால் வரிசையாக வாசித்தால்தான், 72 மேளம் என்ற தாய் ராகப் பட்டியல் ஆதியிலிருந்தே அப்படியே இருந்ததல்ல, பல பேர் பல விதமாக வகுத்துப் பார்த்த பிறகு வந்தது என்று உறைக்கிறது. வீட்டுக்கு நடந்துபோகும் தூரத்தில் தமிழ்ச் சங்க நூலகம் இருப்பது என் அதிர்ஷ்டம். ஆபிரகாம் பண்டிதரின் ‘கருணாமிர்த சாகரம்’ 1917இல் வந்தது. ஒரு ஸ்தாயியில், அதாவது ஸவிலிருந்து மேல் ஸ வரை, 22 சுருதி (நுண்சுரம்) என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தபோது, தஞ்சாவூரில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் 24 என்று கணக்குப் போட்டு வாதாடியிருக்கிறார். நம் காரைதீவுக்காரர் விபுலாநந்த அடிகள் ‘யாழ் நூல்’ அரங்கேறிய 1947லேயே காலமாகிவிட்டார் என்பது தெரிந்த விஷயம்தான். ஆனாலும் அந்த நூலில் அவர் போட்ட கணக்குகளை வரி வரியாகப் பார்க்கும்போது மனம் கனத்துப்போகிறது.

சின்ன வயதில் நீயும் நானும் ‘நிரைகழல் அரவம்’ என்று திருக்கோணமலைப் பதிகம் பாடுவோமே, அதன் பண், அதாவது பழந்தமிழ் ராகம், புறநீர்மை. ஓதுவார்கள் அதைப் பூபாள ராகத்தில் பாடுகிறார்கள். சம்பந்தர் பாடிய புறநீர்மையும் இன்றைய பூபாளமும் ஒன்றேதானா? இந்தக் கேள்வியைத்தான் என் ஆய்வுக் கட்டுரைக்கு எடுக்க நினைக்கிறேன். எங்கள் ஊர்க் கோயில்களில் பண் பாடுகிற முதியவர்கள் இருக்கும்போதே பதிவு செய்துவிட வேண்டும். வவுனியாப் பக்கம் யாராவது இருந்தால் விசாரித்து வை.

இனிக் கஷ்டங்கள். அச்சிட்ட பாடத்தில் தோடி ராகத்துக்கு ‘க’ என்று ஓர் எழுத்துத்தான் இருக்கும். அந்தக் காந்தாரம் எங்கே தொடங்கி, எந்த அளவு அசைந்து, எங்கே நிற்க வேண்டும் என்று அந்த எழுத்து சொல்லாது. சுப்பராம தீட்சிதர் 1904இலேயே தெலுங்கில் அச்சிட்ட தன் பெரிய தொகுப்பில் கமகங்களுக்கென்று, அதாவது சுர அசைவுகளுக்கென்று, தனிக் குறிகள் போட்டார். அவ்வளவு பாடுபட்டும், கேட்டுப் பழகாதவர் குறியைப் பார்த்துத் தோடி பாட முடியாது. அதனால் நான் ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்டாஞ்சேனையில் ஒரு வாத்தியாரிடம் போய் மனோதர்மம், அதாவது சொந்தக் கற்பனையில் பாடுவதை மட்டும் பாடிக்காட்டித் திருத்திக்கொள்கிறேன். நீயும் பக்கத்தில் அப்படி ஒருவரை முதலில் பிடித்துவிட்டுப் பிறகு விண்ணப்பம் போடு. இதை மட்டும் தட்டிக்கழிக்காதே.

ஒன்லைன் வகுப்பில் இரண்டு விஷயம். செயலியில் இரைச்சலைக் குறைக்கும் வசதி தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். விடாமல் ஒலிக்கும் தம்புராவை அது இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும், ஒரே சுரத்தில் குரலை நீட்டி நிறுத்தும் கார்வையையும் விழுங்கும். வகுப்புத் தொடங்க முந்தி அதை நிறுத்திவிடு. மற்றது, ஒலி போய்ச் சேரக் கொஞ்சம் பிந்துவதால் ஆசிரியரும் நீயும் சேர்ந்து தாளம் போடவே முடியாது. அவர் பாடியதைக் கேட்டு, தனியாகப் பாடிப் பதிவு செய்து அனுப்புவதுதான் வழி. அந்தப் பதிவுகளைத் திரும்பக் கேட்பதே நல்ல படிப்பு.

நான் சேர்ந்திருப்பது தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில். புத்தகங்கள் வந்து சேரப் பாதி வருஷம் போய்விட்டது, மின்னஞ்சலுக்குப் பதிலே இல்லை. ஆகவே காசு கட்டுவதற்கு முன்னால் மூன்றைக் கேட்டுக்கொள்: வெளிநாட்டு மாணவரை எடுக்கிறார்களா, செய்முறைச் சோதனைக்கு அங்கே நேரில் போக வேண்டுமா, எழுத்துச் சோதனை எங்கே. அப்புறம் அந்தப் பட்டத்தை இங்கே ஏற்பார்களா என்று வார்ட் பிளேஸில் இருக்கும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் எழுத்தில் பதில் வாங்கு. பதவி உயர்வுக்குப் பட்டம் வேண்டுமென்றால் கல்வி அமைச்சிலும் கேட்க வேண்டும். வாய்ப்பேச்சை நம்பாதே. நீ கொழும்புக்கு வந்தால் கூடவே வருகிறேன்.

வயதைப் பற்றி எழுதியிருந்தாய். எங்கள் குழுவில் என்னைவிட மூத்தவர்கள் இருக்கிறார்கள். அதில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் போடுகிற கேள்விகளுக்குப் பேராசிரியரே தயங்கித்தான் பதில் சொல்லுவார்.

ஒரு உதவி. மிஸ் தன் கையால் திருத்திக் குறி போட்ட தோடி வர்ணம் உன் பழைய கொப்பியில் இருக்கிறது என்று நினைக்கிறேன். பக்கங்களைப் போட்டோ எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பு. சோதனை அடுத்த மாதம், அதற்கு முந்தி வேண்டும்.

அன்புடன்,
சாந்தி