புகாருக்கு உள்ளானவரிடமே புகார் மனுவை அனுப்ப வேண்டாம்: சேலம் மாவட்ட ஆட்சியருக்கு ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
காப்பி, மிளகு விவசாயி ஒருவர்,
ஊர் வாக்காளர்கள் சார்பாக,
சேர்வராயன் மலை, ஏற்காடு வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் மற்றும் ஊராட்சிகளின் ஆய்வாளர் அவர்கள்,
சேலம்.

நாள்: 1.9.2025, திங்கட்கிழமை, மக்கள் குறைதீர்க்கும் நாள்

பொருள்: ஊற்று நீரைக் காக்கத் துணைவிதி கோருதல், கிராம சபைத் தீர்மானத்தைப் பதிவேட்டில் ஏற்றுதல், பொறுப்பில் இருப்பவர் மீதான வாக்காளர் மனுவை விசாரிக்கும் முறை - தொடர்பாக.

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

முதல் பஸ்ஸைப் பிடித்து, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்து இந்த மனுவைக் கொடுக்கிறேன். இதே விஷயத்துக்காக நான் வருவது இது மூன்றாவது தடவை. முதல் இரண்டு மனுக்களின் கதையும் இதிலேயே இருப்பதால் கொஞ்சம் நீளமாகிவிட்டது. பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

எங்கள் ஊருக்குக் குடிதண்ணீர் ஓர் ஊற்றுக் கிணற்றிலிருந்து வருகிறது. பங்குனி, சித்திரையில் அது சுருங்கிப் போகும். மலையில் சீசன் சூடுபிடிப்பதும் அப்போதுதான். விடுதிகளுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் டேங்கர் லாரி ராத்திரி பத்து மணிக்கு மேல் வந்து மோட்டார் போட்டு உறிஞ்சுகிறது. விடியற்காலை பெண்கள் குடத்தோடு போனால் அடியில் கலங்கல்தான் மிச்சம். லாரியை மறித்துக் கேட்டோம். "எடுக்கக் கூடாதுன்னு எந்த ரூல்ல இருக்கு, காட்டுங்க" என்றார் டிரைவர். கோபம் வந்தாலும் அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஊராட்சியில் அப்படி எழுதி வைத்த விதி எதுவும் எங்களிடம் இல்லை.

சரி, நாமே ஒன்றைக் கொண்டுவர முடியுமா என்று விசாரித்தோம். முடியும் என்று தெரிந்தது. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, ஊராட்சி தன் எல்லைக்குள் துணைவிதி செய்துகொள்ளலாம். ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் தாங்கள் அதற்கு ஒப்புதல் தர வேண்டும். அதனால் மே 1 கிராம சபையில், பொது ஊற்றிலிருந்து விற்பனைக்குத் தண்ணீர் எடுக்கத் தடை வேண்டும் என்று தீர்மானம் வைத்தோம். கூட்டம் முழுக்கக் கை தூக்கியது. வருகைப் பதிவு என்று சொல்லி எல்லோரிடமும் கையெழுத்தும் வாங்கினார்கள்.

அப்புறம் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி நகல் கேட்டேன். அப்படி ஒரு தீர்மானம் பதிவேட்டில் இல்லை என்று பதில் வந்தது. மேலிருந்து அச்சடித்து வந்த தீர்மானங்கள் மட்டும் வரிசையாக இருந்தன. கீழே எங்கள் கையெழுத்து!

பதிவேடு எழுத வேண்டிய அலுவலர் மீது மனு கொடுத்தேன். அதுதான் முதல் மனு. அது ஒவ்வொரு மேசையாக இறங்கி, கடைசியில் அதே அலுவலரிடம் போய்ச் சேர்ந்தது. தன் மீதான புகாரில் உண்மையில்லை என்று அவர் எழுதிக் கொடுத்தார். மனு முடித்து வைக்கப்பட்டதாக எனக்குக் குறுஞ்செய்தி வந்தது. இரண்டாவது மனுவும் அதே தடத்தில் போய் அதே இடத்தில் நின்றது. ஊருக்குள் ஒரு சாதாரண வரப்புத் தகராறு என்றால்கூட வழக்காடுகிறவரையே நாட்டாமையாக உட்கார வைப்பதில்லை.

ஊராட்சித் தலைவர் ஒருவர் பதவியில் இருந்திருந்தால் வேறு வழி இருந்திருக்குமா என்றும் பார்த்தோம். அந்தச் சட்டத்தின் 205-ஆம் பிரிவு ஊராட்சித் தலைவரை நீக்குவது பற்றியது. மன்றத்தின் மொத்த எண்ணிக்கையில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதவர்கள் குற்றச்சாட்டுகளை எழுதிக் கையெழுத்திட வேண்டும். இரண்டு உறுப்பினர்கள் நேரில் வந்து தங்களிடம் கொடுக்க வேண்டும். தலைவரிடம் விளக்கம் கேட்டு, தேவைப்பட்டால் வட்டாட்சியர் மன்றத்தைக் கூட்டிக் கருத்தை அறிந்த பிறகு, நீக்குவதா விடுவதா என்பது தங்கள் முடிவு. ஓட்டுப் போட்ட எங்கள் கையெழுத்துக்கு இதில் எங்கேயும் இடமில்லை. இப்போது அந்த வழியும் அடைபட்டிருக்கிறது. 2019 டிசம்பரில் தேர்வானவர்களின் காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்து, ஊராட்சி, அரசு நியமித்த தனி அலுவலர் பொறுப்பில் இருக்கிறது. நீக்குவதற்குத் தலைவரும் இல்லை, கையெழுத்துப் போட உறுப்பினரும் இல்லை.

மற்ற மாநிலங்களில் இதை வேறு விதமாகச் செய்திருக்கிறார்கள். மத்தியப் பிரதேசத்தில் நகராட்சித் தலைவர் மீது உறுப்பினர்கள் புகார் கொடுத்தால், கடைசி வார்த்தை வாக்காளருடையதாக இருந்தது. காலி நாற்காலியா, ஆள் உட்கார்ந்த நாற்காலியா என்று இரண்டு படம் வைத்து ஓட்டெடுத்தார்கள். 2001-இல் அனூப்பூரில் மக்கள் காலி நாற்காலிக்குப் போட்டார்கள். சத்தீஸ்கரில் 2008-இல் மூன்று ஊர்களில் தலைவர்கள் இப்படிப் பதவி இழந்தார்கள். ஹரியானா 2020-இல் கிராமத் தலைவர்களைத் திரும்ப அழைக்கச் சட்டத்திருத்தம் செய்தது. பழங்குடி மக்கள் வாழும் பகுதிகளில் கிராம சபைக்குக் கூடுதல் பலம் தரும் 1996-ஆம் ஆண்டின் பெசா சட்டமும் எங்களுக்கு உதவாது. அது அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணைப்படி அறிவிக்கப்பட்ட பகுதிகளுக்கு மட்டும் உரியது. தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட பகுதியே கிடையாது. மலையாளிப் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக வாழும் எங்கள் மலையும் அதில் சேராது.

சட்டசபை செய்ய வேண்டியதைத் தாங்கள் செய்ய முடியாது என்று தெரியும். தங்கள் கையில் இருப்பதை மட்டும் கேட்கிறோம். 205-ஆம் பிரிவிலேயே, உறுப்பினர் மனு இல்லாமல் ஆய்வாளர் தாமாக முன்வந்தும் நடவடிக்கை தொடங்கலாம் என்று இருக்கிறது. அடுத்த தேர்தலில் தலைவர்கள் வந்த பிறகு, வாக்காளர் கூட்டாகக் கொடுக்கும் மனுவை அந்த அதிகாரத்தின் கீழ் முதல்நிலை விசாரணைக்கு எடுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். அலுவலர் மீதான மனு எதுவாக இருந்தாலும், அவருக்கு ஒரு படியாவது மேலே இருப்பவரிடம் அது போகட்டும்; அதுவும் வேறு வட்டத்தைச் சேர்ந்தவராக இருந்தால் நல்லது. உள்ளாட்சி அமைப்புகள் மீதான புகார்களை விசாரிக்கும் உள்ளாட்சி முறைமன்ற நடுவத்துக்கு எழுதலாம் என்று சிலர் சொல்கிறார்கள். 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதற்கு வழி இருப்பது உண்மைதான். ஆனால் ஊற்றுத் தகராறுக்குச் சென்னை வரை போய் வர இங்கே எத்தனை பேரால் முடியும்?

துணைவிதியைப் பொறுத்தவரை, மன்றத்தின் அதிகாரம் இப்போது தனி அலுவலரிடம் இருப்பதால் வேலை சுலபம்தான். அவரிடம் வரைவு கேட்டு, அக்டோபர் 2 கிராம சபையில் தமிழில் வாசிக்கச் சொல்லி, தங்கள் ஒப்புதலையும் தர வேண்டும். அன்று வைக்கப்படும் ஒவ்வொரு தீர்மானத்தையும் கூட்டம் கலையும் முன்பே பதிவேட்டில் எழுதி, வாசித்துக் காட்டி, அதற்குப் பிறகு கையெழுத்து வாங்கும்படி உத்தரவிடவும் வேண்டுகிறோம். எழுதிய பக்கத்தை நாங்கள் போனில் படம் எடுத்துக்கொள்ள அனுமதித்தாலும் போதும்.

இந்த மனுவின் மீது எடுக்கும் நடவடிக்கையைக் குறுஞ்செய்தியாக இல்லாமல் கடிதமாக அனுப்பிவைக்க வேண்டுகிறேன். ஊரில் வாசித்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஊர் வாக்காளர்கள்

இணைப்பு: முந்தைய இரண்டு மனுக்களின் ஒப்புகைச் சீட்டு, தகவல் உரிமைச் சட்டப் பதிலின் நகல், வாக்காளர் கையெழுத்துத் தாள்கள்.